சூடேறிய சில்லும் பழைய பதிவேடும்



பள்ளி ஆண்டு மலருக்குத் தலைமையாசிரியர் வரையும் கட்டுரை, கல்வியின் சிறப்பு, காலத்தின் அருமை, பெற்றோர் கடமை ஆகியவற்றுள் ஒன்றைப் பற்றியதாக அமைவது நெடுநாளைய வழக்கம். அவை யாவும் எழுதத் தகுந்த பொருள்களே. எனினும், மலர்க் குழுவினர் இம்முறை என்னை அணுகியபொழுது, 2024ஆம் ஆண்டில் நம் பழைய நூலறையில் என்னை மூன்று கிழமைகள் அலைக்கழித்த ஒரு சிறு சில்லைப் பற்றி எழுத வேண்டும் என்னும் எண்ணமே முந்திக்கொண்டது. கணினியின் உள்ளே இருக்கும் அச்சில்லு என் கட்டைவிரல் நகத்தினும் சற்றே பெரியது. அது செய்த தொல்லையோ ஓர் அம்மையாரின் வாழ்நாள் ஏக்கத்தோடு வந்து பின்னிக்கொண்டது.

நம் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடுகள் 1947ஆம் ஆண்டு முதல் உள்ளன. தடித்த அட்டையிட்ட அப்பதிவேடுகளில் மாணவர் பெயர், தந்தையார் பெயர், அவர்தம் தொழில், குடியிருந்த லயத்தின் எண், பிறந்த நாள், சேர்ந்த நாள், விலகிய நாள், விலகியதற்கான காரணம் ஆகியன அக்காலத் தலைமையாசிரியர்களின் அழகிய கையெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. தொழில் என்னும் பத்தியில் ‘பால்வெட்டு’ என்ற சொல்லே பக்கம் பக்கமாகத் தொடரும். இடையிடையே ‘வெளிக்காட்டு வேலை’ என்றும், எங்கோ ஓரிடத்தில் ‘கிராணி’ என்றும் காணலாம். தாள்கள் பழுத்து முறுகிவிட்டன. சில ஏடுகளைக் கரையான் தொட்டிருக்கிறது. ஓர் ஏட்டைப் புரட்டினால் அதன் ஓரம் பொடியாக உதிர்கிறது. ஆதலின், இப்பதிவேடுகளைப் படமெடுத்துக் கணினியில் சேமிப்பது என்று முடிவு செய்தபொழுதே ஒரு விதியையும் வகுத்துக்கொண்டோம். எந்த ஏட்டையும் ஒருமுறைக்கு மேல் புரட்டுவதில்லை. தேடுவதும் படமெடுப்பதும் அந்த ஒரே புரட்டலில் நிகழ்ந்துவிட வேண்டும்.

ஏட்டைக் கவிழ்த்து அழுத்தும் வருடி இதற்கு ஆகாது. மேலிருந்து ஒளிப்படம் பிடிக்கும் வருடி ஒன்றைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் வாங்கித் தந்தது. கணினியோ என் வீட்டினது. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தளர்ந்திருந்த 2020ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் என் மகன் தாய்ப்பலகை, செயலி, நினைவகம், மின்வழங்கி எனத் தனித்தனியே வாங்கி வந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் பூட்டிய கணினி அது. நான் கைவிளக்குப் பிடித்தேன். 2023இல் அவன் பணியின் நிமித்தம் ஜொகூர் பாருவுக்குச் சென்றபொழுது அக்கணினி எனக்கு உரியதாயிற்று. பள்ளியின் கணினி அறை வகுப்புகளுக்கு உரியதாகையால், என் கணினியையே பழைய நூலறைக்குக் கொண்டு வந்து வைத்தேன்.

பணி தொடங்கிய இரண்டாம் கிழமையில் ஓர் அம்மையார் என்னைக் காண வந்தார். அகவை எழுபத்திரண்டு. நம் தோட்டத்திலேயே பிறந்து, நம் தோட்டத்திலேயே பால்வெட்டி, இப்பொழுது அண்மைப் பட்டணத்தில் மகளோடு வாழ்பவர். அவர் கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. நம் நாடு விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாளுக்கு முன்னர் இங்குப் பிறந்தோருள் பலர் விண்ணப்பித்துத்தான் குடியுரிமை பெற வேண்டியிருந்தது. அம்மையாருக்காக அன்று விண்ணப்பிக்க ஒருவரும் இலர். தந்தையார் இளமையிலேயே காலமாகிவிட்டார். இப்பொழுது மகளின் முயற்சியால் தேசியப் பதிவிலாகாவுக்கு விண்ணப்பம் தயாராகிக்கொண்டிருந்தது. இந்நாட்டில் பிறந்து வளர்ந்தமைக்குச் சான்றாகப் பள்ளிப் பதிவு ஒன்று இருந்தால் துணையாக இருக்கும் என்று எவரோ சொல்லியிருக்கின்றனர்.

“வாத்தியாரையா, மூணாம் வகுப்பு வரைக்கும் நான் இங்கதான் படிச்சேன். எந்த வருசம் சேர்த்தாங்கன்னு தெரியாது. அந்தப் பெரிய புத்தகத்துல என் பேரு இருக்குமா?”

“பார்க்கலாம் அம்மா. இருந்தால் கட்டாயம் கண்டெடுத்துத் தருகிறேன்” என்றேன். ஆவணங்களை ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு இன்னும் பத்தொன்பது நாள்கள் இருந்தன.

அந்த வாரத்திலேயே கணினி முரண்டத் தொடங்கிற்று. காலையில் நன்றாக இயங்கும். நண்பகல் கழிந்து நாற்பது நிமிடங்கள் ஓடியதும், வருடி துண்டிக்கப்பட்டது என்று திரையில் ஓர் அறிவிப்புத் தோன்றும். அடுத்த நொடியில் படங்களைச் சேமிக்கும் வட்டு காணாமற்போகும். பின்னர்ச் சுட்டெலியும் அசையாது நிற்கும். அப்பொழுது வருடியின் அடியில் விரிந்து கிடக்கும் ஏட்டின் படம் சேமிக்கப்படாமற் போய்விடும். மீண்டும் புரட்டக் கூடாது என்பதால் அவ்வேட்டை விரித்தபடியே காத்திருப்போம். கணினியை அணைத்து ஒருமணி நேரம் கழித்து ஏற்றினால் ஒன்றும் அறியாததுபோல் எழுந்து நிற்கும். மாலையில் அதே கணினி மூன்று மணி நேரம் உழைக்கும்!

ஒருவர் வருடியைக் குறை கூறினார். வேறொருவர் கிருமி நுழைந்திருக்கும் என்றார். கணினி என்றாலே கிருமி என்பது நம்மவர் மருத்துவம். நாங்கள் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தோம். வருடியை வேறொரு மடிக்கணினியில் பூட்டியபொழுது அது நாள் முழுதும் உழைத்தது. மையச் செயலியின் வெப்பநிலை 52 பாகை செல்சியஸ். அது அஞ்சத்தக்க அளவன்று. வருடியும் வட்டும் இன்றிச் செயலிக்கு மட்டும் கடுங்கணக்குகளைக் கொடுத்து இரண்டு மணி நேரம் ஓட்டியபொழுது ஒரு தடையும் நேரவில்லை. அப்படியானால் சேர்ந்தே நோயுறும் வருடி, வட்டு, சுட்டெலி ஆகிய மூன்றுக்கும் பொதுவானது யாது?

விடை தாய்ப்பலகையின் கையேட்டிலேயே இருந்தது. எத்தனை பேர் கையேட்டைத் திறந்து பார்க்கின்றனர்? அதில் எந்த இணைப்பு எச்சில்லிலிருந்து புறப்படுகிறது என்பதைக் காட்டும் கட்டப்படம் ஒன்று உண்டு. பின்புறத்து யு.எஸ்.பி. இணைப்புகளுள் சில மையச் செயலியிலிருந்து நேரே வருகின்றன. ஏனையவை சில்லுத்தொகுதி என்னும் வேறொரு சில்லின் வழியே வருகின்றன. வட்டும் அச்சில்லின் வழியேதான். சுட்டெலியைச் செயலிக்கு உரிய இணைப்புக்கு மாற்றிச் செருகினோம். மறுநாள் நண்பகலில் வருடியும் வட்டும் வழக்கம்போல் மறைந்தன. சுட்டெலி மட்டும் சிறிது நேரம் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. குற்றம் எங்குள்ளது என்பது அக்கணமே தெளிவாயிற்று.

மாணவர்களே, சில்லுத்தொகுதி என்பது யாது என்று இவ்விடத்தில் சிறிது கூற வேண்டும். 1981ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியில், நேரம் காட்டவும், விசைப்பலகை அழைப்பை ஏற்கவும், நினைவகத்தோடு பிற கருவிகளை இணைக்கவும் தனித்தனிச் சில்லுகள் பல இருந்தன. 1980களின் நடுவில் அவை ஒருசில பெருஞ்சில்லுகளாக ஒன்றுசேர்க்கப்பட்டன. அதனால் தொகுதி என்னும் பெயர் வாய்த்தது. பின்னர் வடபாலம், தென்பாலம் என இரண்டு நின்றன. வடபாலம் நினைவகத்தையும் திரைப்படத்தையும் கவனித்தது. தென்பாலம் வட்டையும் பிற கருவிகளையும் கவனித்தது. 2003இல் ஏ.எம்.டி. நிறுவனமும் 2008இல் இன்டெல் நிறுவனமும் தம் மேசைக் கணினிச் செயலிகளுக்குள்ளேயே நினைவகப் பொறுப்பை ஏற்றுக்கொண்ட பிறகு வடபாலத்தின் வேலை தேய்ந்தது. இன்று பெரும்பாலான பலகைகளில் எஞ்சியிருப்பது ஒரே சில்லு. தொகுதி என்ற பெயர் மட்டும் போகவில்லை. தோட்டமே போய் வீடமைப்புப் பகுதி ஆன பின்னும் நாம் ‘தோட்டம்’ என்றே சொல்வதில்லையா, அதுபோல.

சில்லு என்றவுடன் என் தமக்கையாரின் நினைவு எழுகிறது. 1980களின் தொடக்கத்தில் எங்கள் லயத்திலிருந்து பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் சென்ற பெண்களுள் அவரும் ஒருவர். 1972இலேயே இன்டெல் போன்ற நிறுவனங்கள் பினாங்கில் ஆலை திறந்துவிட்டன. தமக்கையார் பணிபுரிந்தது வேறொரு சிறிய ஆலை. நுண்காட்டியில் கண்ணைப் பதித்து, தலைமயிரினும் மெல்லிய பொன்கம்பியைச் சில்லோடு இணைக்கும் வேலை. விடுமுறைக்கு வரும்பொழுது கண்ணெரிச்சலோடு வருவார். அவர் அனுப்பிய பணத்தில்தான் நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குச் சென்றேன்.

நம் கதைக்கு வருவோம். 2019ஆம் ஆண்டில் கணினியின் உறுப்புகள் தம்முள் பேசிக்கொள்ளும் வழியாகிய பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ், நான்காம் தலைமுறைக்கு உயர்ந்து இருமடங்கு விரைவு பெற்றது. விரைவு கூடியபொழுது சில்லுத்தொகுதியின் வெப்பமும் கூடிற்று. ஆகவே அக்காலத்துப் பலகைகள் பலவற்றில் அச்சில்லின் மேல் அலுமினியத் தகடும், அதன் மேல் ஒரு சின்னஞ்சிறு விசிறியும் வைத்தனர். எங்கள் பலகையும் அத்தகையதே. நான்கு செண்டிமீட்டர் அகலமுள்ள அவ்விசிறி, பெரிய வரைகலை அட்டையின் அடியில் ஒளிந்து கிடந்தது. பாயின் கீழ் படுத்துக்கொண்டு மூச்சு விடச் சொல்வது போன்ற ஏற்பாடு.

கணினி எழும்பும்பொழுது தோன்றும் அமைப்புப் பக்கத்தில் நண்பகல் வேளையில் பார்த்தேன். செயலிக்கு நேராக 47. சில்லுத்தொகுதிக்கு நேராக 96.

அச்சில்லு உண்ணும் மின்னாற்றல் ஏறத்தாழ 11 வாட்டுதான். வகுப்பறையில் எரியும் ஒரு சிறு விளக்கின் அளவே. பின் ஏன் இவ்வளவு சூடு? ஆறாம் ஆண்டு மாணவர்கள் இதனைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். விளக்கத்திற்காக முழு எண்களை எடுத்துக்கொள்வோம். விசிறி சுழலும்பொழுது ஒவ்வொரு வாட்டும் சில்லின் வெப்பநிலையைச் சுற்றியுள்ள காற்றைவிட 3 பாகை உயர்த்துகிறது என்க. 11ஐ 3ஆல் பெருக்கினால் 33. பெட்டிக்குள் காற்று 40 பாகையாக இருந்தால் சில்லின் வெப்பநிலை 73. விசிறி நின்றுவிட்டால் ஒவ்வொரு வாட்டுக்கும் 5 பாகை உயரும் என்க. 55ஐயும் 40ஐயும் கூட்டினால் 95. சில்லு அதே சில்லு. மின்னாற்றலும் அதே ஆற்றல். வெப்பம் வெளியேறும் வழி மட்டும் குறுகிவிட்டது. இக்கணக்கில் மற்றோர் உண்மையும் உண்டு. அறையின் வெப்பம் ஐந்து பாகை கூடினால் சில்லின் வெப்பமும் ஐந்து பாகை கூடும். குளிர்நாட்டில் தப்பிப் பிழைக்கும் கணினி நம் நண்பகலில் மடிவது இதனால்தான்.

நம் நூலறைக்கு மேலும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. அறையின் கூரை துத்தநாகத் தகடு. நண்பகலில் உள்ளே 34 பாகை. மேல்விசிறியைப் போடலாமே எனின், அதன் காற்றில் பதிவேட்டின் முறுகிய தாள்கள் படபடத்து ஒடிந்துவிடும். சாளரத்தைத் திறந்தாலும் அதே கதை. தாளுக்குக் காற்று அசையாதிருக்க வேண்டும். சில்லுக்கோ காற்று அசைந்துகொண்டே இருக்க வேண்டும். இரண்டும் ஒரே அறையில், நான்கடி இடைவெளியில். காலையிலும் மாலையிலும் மட்டும் பணிசெய்தால் ஆகாதா என்று ஆசிரியர் ஒருவர் கேட்டார். காலையில் எங்களுக்கு வகுப்பு. மாலையில் ஒளி குன்றுவதோடு, உதவிக்கு வரும் பெற்றோரும் வீடு திரும்ப வேண்டும். இரண்டாம் பதிவேடு முடிந்து அம்மையாரின் பெயர் அதில் இல்லை என்று தெரிந்தபொழுது எஞ்சியிருந்த நாள்கள் எட்டு.

அண்மைச் செம்பனை ஆலையில் சார்ஜ்மேனாகப் பணிபுரியும் நம் முன்னாள் மாணவர் ஒருவரை அழைத்தேன். 1990களில் நம் பள்ளியில் பயின்றவர். அவர் திரையில் இருந்த எண்களைப் பார்க்கவில்லை. பயிற்சிப் புத்தகத்தின் அட்டை ஒன்றைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையை அச்சிறு விசிறியின் அருகிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்துக் கேட்டார். ஆலையில் நீரேற்றியின் பேரிங்கைச் சோதிக்க, நீண்ட திருப்புளியின் நுனியை அதன்மேல் ஊன்றிப் பிடியைக் காதில் வைப்பார்களாம். அதே முறை.

“ஐயா, இது சுற்றுகிறது. ஆனால் மூச்சு வாங்குகிறது. எண்ணெய் வறண்டுவிட்டது. சூடு ஏற ஏற இறுகி, நின்றுவிடும்” என்றார்.

“ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் ஆகாதா, தம்பி?”

“ஒரு வாரம் ஓடும் ஐயா. நடுவில் எப்பொழுது நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆலையில் நாங்கள் அதை நம்புவதில்லை.”

மாற்று விசிறி அப்பலகைக்கென்றே செய்த தனி வடிவம் உடையது. வெளிநாட்டிலிருந்து வந்து சேர மூன்று கிழமைகள் ஆகும் என்று விற்பனையாளர் கூறினார். ஆகவே வேறு வழி தேடினோம். முதற்கண், அமைப்புப் பக்கத்தில் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் விரைவை மூன்றாம் தலைமுறைக்கு இறக்கினேன். ஏடுகளைப் படமெடுக்கும் பணிக்கு அவ்விரைவே மிகுதி. ஐந்து பாகை குறைந்தது. போதவில்லை.

அடுத்தது விசிறியை அறவே நீக்கி, பெரியதோர் அலுமினியத் தகட்டுக் கட்டியைப் பொருத்துவது. பள்ளிப் பண்டக அறையில் பழுதான கணினிகள் சில கிடக்கின்றன. ஆயினும் அவை அரசாங்கச் சொத்து, கழித்துக்கட்டும் நடைமுறை முடியுமுன் ஓர் ஆணியைக்கூடக் கழற்ற எனக்கு உரிமை இல்லை. நம் சார்ஜ்மேன் தம் வீட்டிலிருந்து எரிந்துபோன ஒலிபெருக்கி ஒன்றைத் தூக்கி வந்தார். பல ஆண்டுகள் கோயில் திருவிழாக்களில் முழங்கி ஓய்ந்தது. அதன் முதுகில் சீப்புப்போல் பற்கள் கொண்ட கனத்த அலுமினியம் இருந்தது. அதில் வேண்டிய அளவை இரும்பறுக்கும் வாளால் அறுத்தெடுத்தோம். பழைய தகட்டையே அச்சாக வைத்துத் திருகாணித் துளைகள் இட்டோம். சில்லைத் தொடும் முகம் சமதளமாக வேண்டும். அதற்காக, கண்ணாடிப் பலகை ஒன்றின்மேல் நீர் தோய்த்த உப்புத்தாளைப் பரப்பி, அலுமினியத்தை அதன்மேல் ஒருமணி நேரம் தேய்த்தார்.

இவ்வளவு தேய்த்த பின்னும் உலோகத்தின் முகம் நுண்காட்டியில் மேடும் பள்ளமுமாகவே தெரியும். பள்ளங்களில் காற்று தங்கும். அலுமினியம் காற்றைவிட ஏறக்குறைய ஒன்பதாயிரம் மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துவது. ஆகவே மயிரிழைக் காற்றுப் படலமும் பெருந்தடையே. அப்பள்ளங்களை நிரப்புவதற்குத்தான் வெப்பப் பசை. பசை மிகுதியாக இருந்தால் குளிர்ச்சி மிகும் என்று எண்ணுவோர் உண்டு. அப்பசையும் உலோகத்திற்கு ஈடாகக் கடத்துவதன்று; பள்ளத்தை நிரப்பும் அளவே போதும். எங்கள் சில்லுக்கு ஒரு பச்சைப் பயறளவு போதியதாயிற்று.

சில்லின் மேல் இருந்த பழைய பசை காய்ந்து ஓடுபோல் கிடந்தது. மருந்துக்கடையில் வாங்கிய ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணியில் நனைத்து, சுரண்டாமல், ஊறவைத்துத் துடைத்தேன். மின்வடத்தைப் பிடுங்கிவிட்டு, உடம்பில் தேங்கிய நிலைமின்னை அகற்றப் பெட்டியின் வெற்றுலோகத்தைத் தொட்ட பிறகே உள்ளே கை வைத்தோம். மூடியில்லாத சில்லின் விளிம்பு கண்ணாடியை ஒத்தது. கட்டி ஒருபுறம் சாய்ந்து அழுந்தினால் மூலை பெயர்ந்துவிடும். ஆதலின் இருபுறத் திருகாணிகளையும் மாறிமாறி அரைச்சுற்றாக இறுக்கினோம். பழைய திருகாணிகளில் இருந்த சுருள்வில்களையே மீண்டும் இட்டோம். எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதை அவ்வில்களே வரையறுத்தன.

பெரிய கட்டி ஏறியதும் மகனின் வரைகலை அட்டைக்கு இடமில்லை. தொலைபேசியில் அழைத்தேன். “கழற்றுங்கள் அப்பா. ஆனால் நிலைமின் தடுக்கும் பையில் போட்டு வையுங்கள், நாளிதழில் சுற்றாதீர்கள்” என்றான். ஏடுகளைப் பார்க்க எளியதோர் அட்டையே போதும். 120 வெள்ளிக்குப் பழைய குட்டை அட்டை ஒன்று கிடைத்தது. அது சில்லின் மேல் நீளவில்லை. 15 வெள்ளிக்கு எட்டுச் செண்டிமீட்டர் விசிறி ஒன்றை வாங்கிப் புதுக் கட்டியின் மேல் மெதுவாகச் சுழலவிட்டோம். பெரிய விசிறி மெதுவாகச் சுழன்றும் சிறிய விசிறி பறந்து பறந்து தள்ளிய காற்றைத் தள்ளிவிடும். அதன் தாங்கியும் விரைவில் தேயாது.

இனித் தாளின் பாடு. கணினிப் பெட்டியின் பின்புறத்திலிருந்து வெளியேறும் காற்றை, தாள்கட்டு வரும் அட்டைப்பெட்டிகளை ஒட்டிச் செய்த ஒரு குகை வழியே சாளரத்தின் கம்பிவலைக்கு வெளியே செலுத்தினோம். மேசைக்கும் கணினிக்கும் இடையே பழைய கொசுவலையை இரண்டு மடிப்பாகத் தொங்கவிட்டோம். பதிவேட்டின் மேலே தையல் நூல் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, கணினியை இயக்கி, நூலையே பார்த்துக்கொண்டிருந்தோம். நூல் அசையவில்லை.

மறுநாள் பிற்பகல் இரண்டு மணி. அறை 34 பாகை. பணி தொடங்கி நாற்பது நிமிடங்கள் ஆயின. ஒருமணி நேரம் ஆயிற்று. இரண்டு மணி நேரமும் ஆயிற்று. சில்லின் வெப்பநிலை 66இல் நின்றது. வருடி துண்டிக்கப்படவில்லை. அன்று மட்டும் நூற்றுப் பதினேழு பக்கங்கள்!

மூன்றாம் பதிவேட்டின் அறுபத்தோராம் ஏட்டில் அம்மையார் இருந்தார். வீட்டார் அழைத்த பெயர் வேறு, பதிவேட்டில் உள்ள பெயர் வேறு. தந்தையார் பெயரும் லயத்தின் எண்ணும் அவர் சொன்னவற்றோடு ஒத்திருந்தன. சேர்ந்தது 1960ஆம் ஆண்டு ஜனவரி. பிறந்த நாள் பத்தி நிரப்பப்பட்டிருந்தது. விலகியது 1962. காரணம் என்னும் பத்தியில் அக்காலத் தலைமையாசிரியர் ‘வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ள’ என்று எழுதியிருந்தார்.

அம்மையாரை வரவழைத்துத் திரையில் காட்டினேன். விரலைத் திரையில் படாமல் எழுத்துக்கு எழுத்து நகர்த்தித் தாமே வாய்விட்டு வாசித்தார். ‘தம்பி’ என்ற சொல்லில் விரல் நின்றது. “அவன் போய்ப் பதினொரு வருசமாச்சு ஐயா” என்றார். அப்பக்கத்தைப் பெரிதாக அச்சிட்டு, மூலப் பதிவோடு ஒத்துள்ளது என்று எழுதி, கையொப்பமும் பள்ளி முத்திரையும் இட்டுக் கொடுத்தேன். குறித்த நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. இக்கட்டுரையை எழுதும் இந்நாள் வரை முடிவு வரவில்லை. திங்களுக்கு ஒருமுறை மகள் தொலைபேசியில் என்னை அழைத்து, பள்ளிக்கு ஏதேனும் கேள்வி வந்ததா என்று விசாரிக்கிறார்.

வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய சிறு விசிறி ஒருவாறு வந்து சேர்ந்தது. அதைப் பிரிக்காமல் மேசை அறையில் வைத்திருக்கிறேன். ஒலிபெருக்கியின் அலுமினியமே சில்லின்மேல் இன்றும் இருக்கிறது. மூன்று திங்களுக்கு ஒருமுறை அதன் பற்களில் படியும் தாள்தூசியை மென்தூரிகையால் தட்டுகிறோம். பொடிந்த பதிவேடுகள் தரும் தூசி வீட்டுத் தூசியைவிட நுண்ணியது. அப்பொழுதெல்லாம் ஆறாம் ஆண்டு மாணவர் இருவர் வெப்பநிலையைக் குறிப்பேட்டில் பதிகின்றனர். இதுவரை அவர்கள் பதிந்தவற்றுள் உயர்ந்தது 69.

அடுத்த விடுமுறையில் நான்காம் பதிவேட்டைத் தொடங்குகிறோம். அது 1966இல் தொடங்கி 1973இல் முடிகிறது. வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டத்தின் பின்னர், 1969, 1970ஆம் ஆண்டுகளில் குடியுரிமை இல்லாத குடும்பங்கள் பல தமிழகம் திரும்பின. அக்காலத்தில் இப்பள்ளியிலிருந்து விலகிய மாணவர்களின் பெயர்கள் அதில்தான் உள்ளன. அவ்வேடுகள் மற்றவற்றைவிட மோசமாக ஒட்டிக்கிடக்கின்றன. அவற்றைப் பிரிக்கப் பொறுமையான கைகள் வேண்டும். சனிக்கிழமைகளில் பிற்பகல் இரண்டு மணிக்கு வர இயலும் பெற்றோர் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். நூலறையில் மேல்விசிறி இராது. கைக்குட்டை கொண்டுவருக.